மூன்றாவது ஹாரன்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நான் கடைக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு டிப்பர் லாரி நின்றிருந்தது. உள்ளே சவுரியப்பன் உட்கார்ந்திருந்தார். பென்னாகரம் ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையில் வெங்கடாசலம் என்பவருக்கு ஒரு கல் குவாரி உண்டு. சவுரியப்பன் அங்கே மேஸ்திரி. பாறையில் குழி போட்டு மருந்து நிரப்புவதும், ஒயர் இழுத்து வெடிக்க வைப்பதும் அவர் பொறுப்பு.

"நீங்க குடுத்த புது பேட்டரியும் படுத்துக்கிச்சுங்க, ஜமீர் பாய். சார்ஜ் ஏறவே மாட்டேங்குது. மொதலாளி உங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாரு," என்றார்.

குவாரி ஜீப்புக்கு நான் பேட்டரி மாற்றிக் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தருமபுரியில் பேட்டரி வேலை பார்க்கும் எனக்கு இப்படி ஒரு புகார் வந்தால் கோபம் வராது, ஆசைதான் வரும். பேட்டரி பொய் சொல்லாது. சார்ஜ் ஏறவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். வரிசையாகத் தேடினால் அகப்பட்டுவிடும். அன்றுவரை அகப்படாமல் போனதில்லை. முழுச் சார்ஜில் இருந்த வேறொரு பேட்டரியையும், பல்பு, ஒயர், ஸ்பேனர், ஹைட்ரோமீட்டர் எல்லாவற்றையும் ஒரு சாக்குப் பையோடு லாரியில் ஏற்றினேன்.

சவுரியப்பன் சாதாரணமாக வாய் ஓயாதவர். தன் மாமியாரைப் பற்றியே ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டு வருவார். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை மட்டும் டக் டக்கென்று அடித்துக்கொண்டு வந்தது. வழியில் ஓர் ஆட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டபோது அவர் ஹாரனைத் தொடவில்லை. தலையை வெளியே நீட்டி, கதவைக் கையால் தட்டித் தட்டி ஆடுகளை விரட்டினார்.

"ஹாரன் வேலை செய்யலையா?" என்று கேட்டேன்.

"செய்யும்," என்றார். அவ்வளவுதான்.

குவாரியில் சில மாதங்களுக்கு முன் செல்லி என்ற பெண் வெடியில் செத்துப்போனது எனக்குத் தெரியும். கல் உடைக்கிறவர்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். வெடிக்கு முன்னால் ஜீப் ஹாரனை மூன்று முறை அடிப்பது அந்தக் குவாரியின் வழக்கம். முதல் ஹாரனுக்கு வேலையை விட வேண்டும், இரண்டாவதற்கு மறைவுக்கு ஓட வேண்டும், மூன்றாவது அடித்தபின் யாரும் அசையக் கூடாது. மூன்றும் அடித்தும் அவள் கவனிக்காமல் பாறைக்குக் கீழே போய் நின்றாள் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்களாம். ஹாரன் சத்தம்கூடக் கேட்காத அளவுக்கு என்ன யோசனையோ என்று ஊரில் அவளைத்தான் குறை சொன்னார்கள். நானும் அதைக் கேட்டுத் தலையாட்டியவன்தான்.

லாரி குவாரிக்குள் இறங்கியது. கரடு என்கிற சிறு குன்றை ஒரு பக்கம் வெட்டி எடுத்த பெரிய பள்ளம் அது. எதிரே நீலம் பாய்ந்த கல், சுவர் மாதிரி நின்றது. புங்க மரத்து நிழலில் பானெட்டைத் திறந்துகொண்டு ஜீப். அப்பால் பெண்கள் கல் மேட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சுத்தியல் சத்தம்கூட இல்லை.

இறங்கியதும் எனக்கு ஒரு வாசனை அடித்தது. வெயிலில் காய்ந்த பாறையில் தண்ணீர் ஊற்றினால் வருமே, அந்த வாசனை. சுற்றிப் பார்த்தேன். எங்கும் புழுதிதான், ஈரம் இல்லை.

வெங்கடாசலம் ஜீப்பின் படியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க பாய். கடையில இருக்கறப்ப நல்லா எரியுது, என்ற ஜீப்புல ஏத்துனா படுத்துக்குது. உங்க பேட்டரி ஆள் பாத்துத்தான் வேல செய்யுமா?"

அவர் நிலைமையைச் சொன்னார். காலையிலேயே எதிர்ப் பாறையில் குழிகளில் மருந்து நிரப்பியாகிவிட்டது. ஒவ்வொரு குழியிலும் மருந்தைக் கொளுத்தும் கேப் ஒன்று வைத்து, எல்லாக் கேப்பையும் ஒன்றோடொன்று ஒயரால் கோத்து, இரண்டு முனைகளை ஜீப் வரை இழுத்து வைத்திருக்கிறார்கள். அந்த முனைகளைப் பேட்டரியில் தொட்டால் வெடிக்க வேண்டும். வெடிக்கவில்லை. பேட்டரியில் அதற்கான தெம்பு இல்லை.

வெடி வைப்பதற்கென்றே கைப்பிடி வைத்த பெட்டி ஒன்று உண்டு. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஜீப் பேட்டரியில் தொட்டு வெடிப்பது சிக்கனம் பார்க்கிறவர்களின் பழக்கம். இதை அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அதைப் பேச நேரமில்லை. ஒகேனக்கல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மருந்து நிரப்பிய குழிகளை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. மின்னல் அடித்தால் தூரத்தில் அடித்தாலும் அந்த ஒயர்களில் கரண்ட் பாய்ந்துவிடலாம். அந்தப் பாறைக்குக் கீழேதான் ஊருக்குப் போகும் தடம். சாயங்காலம் மாடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் வழி.

இருட்டுவதற்குள் அந்தப் பேட்டரி வேலை செய்தாக வேண்டும்.

முதலில் ஒரு காரியம் செய்தேன். வெடி ஒயரின் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி, ஒரு கல்லுக்கு அடியில் வைத்தேன். முனைகள் ஒன்றாக இருந்தால் வழி தவறி வரும் கரண்ட் பெரும்பாலும் கேப்பை வெடிக்க வைக்காது. பிறகு பேட்டரியைப் பார்த்தேன்.

அதன் தலை ஈரமாக இருந்தது.

காரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பேட்டரி தலையில் ஆசிட் கசிந்து ஈரமாக இருந்தால், ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்கு அந்த ஈரத்தின் வழியாகவே சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போகும். சோடா உப்பைத் தூவினேன். ஆசிட்டாக இருந்தால் நுரைத்துப் பொங்கும். பொங்கவில்லை. விரலால் தொட்டு முகர்ந்தேன். வெறும் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர். அது வட்டமாக நின்றிருந்தது, ஒரு குடத்தை அங்கே வைத்து எடுத்த மாதிரி.

"யாராவது இது மேல தண்ணிக் குடம் வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

கல் மேட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து மரத்தடிக்கு வந்து நின்றாள். மெலிந்த உடம்பு, தலைமுடியெல்லாம் கல் தூள். செல்லியின் தங்கை காவேரி அவள் என்று பிறகு தெரிந்தது.

ஈரத்தைத் துடைத்துவிட்டு அந்தப் பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தேன். கடையிலிருந்து கொண்டுவந்ததை மாட்டினேன். அதை மாட்டுவதற்கு முன் ஹைட்ரோமீட்டரால் பார்த்தேன். ஹைட்ரோமீட்டர் என்பது ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு சின்ன மிதவை. சார்ஜ் இருந்தால் பேட்டரித் தண்ணீரில் ஆசிட் கனமாக இருக்கும், மிதவை உயர்ந்து நிற்கும். சார்ஜ் இறங்கினால் ஆசிட் தகடுகளுக்குள் போய்விடும், தண்ணீர் லேசாகும், மிதவை மூழ்கும். என் பேட்டரியில் எல்லா அறைகளிலும் மிதவை நன்றாக உயர்ந்து நின்றது.

இன்ஜின் உடனே எடுத்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் விளக்கு பிரகாசமாயிற்று. அப்படியென்றால் டைனமோவும் சரி. வெங்கடாசலம் திருப்தியாகத் தலையாட்டினார். இன்ஜினை நிறுத்தினேன்.

சவுரியப்பன் ஒரு பீடி பற்றவைத்தார். அது தீர்வதற்குள் மறுபடி சாவியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு முனகல்கூட வரவில்லை. மூடியைத் திறந்து மிதவையை விட்டேன். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது.

முழுப் பேட்டரி அவ்வளவு சீக்கிரம் காலியாக வேண்டுமென்றால் எங்கோ பெரிய ஷார்ட் இருக்க வேண்டும். ஷார்ட் இருந்தால் ஒயர் சுடும், ரப்பர் கருகும், புகை வரும். தொட்டுப் பார்த்தேன். ஒயர்கள் எல்லாம் குளிர்ந்து கிடந்தன.

பேட்டரியின் தலையில் மறுபடி அந்த ஈர வட்டம்.

கரண்ட் காணாமல் போகாது. போனால் எங்காவது சூடாக, வெளிச்சமாக, சத்தமாக மாறியிருக்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. டெர்மினலிலிருந்து ஒயரைக் கழற்றி, நடுவில் ஒரு பல்பைக் கொடுக்க வேண்டும். வண்டியில் எல்லா ஸ்விட்சும் அணைந்திருந்தால் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் யாரோ கரண்டைக் குடிக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு வண்டியில் ஒவ்வொன்றாக ஒயரைக் கழற்றிக்கொண்டே போக வேண்டும். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அதுதான் திருடன்.

காலியான இரண்டாவது பேட்டரியையும் ஜீப்பிலிருந்து இறக்கிவிட்டு, டிப்பர் லாரியின் பேட்டரியைக் கழற்றி வந்து தரையில் வைத்து அந்த வேலையை ஆரம்பித்தேன். பல்பு எரிந்தது.

விளக்குகளைக் கழற்றினேன். எரிந்தது. டைனமோவைக் கழற்றினேன். எரிந்தது. சாவி ஸ்விட்சு, ஸ்டார்ட்டர், எல்லாம் கழற்றினேன். கடைசியில் ஹாரன் மட்டும் மிச்சம். ஹாரனை ஜீப்பிலிருந்தே கழற்றி எடுத்து என் சாக்குப் பைமேல் வைத்தேன்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

இனி கழற்ற எதுவும் இல்லை. பல்பின் ஒரு முனை பேட்டரியில், இன்னொரு முனை வண்டிக்குப் போகும் ஒயரில். அந்த ஒயரையும் எடுத்துவிட்டேன். இப்போது பல்பின் மறுமுனை என் கையில், காற்றில் இருந்தது. பட்டப்பகல். மரத்துக்கு மேலே காகம் கத்திக்கொண்டிருந்தது. ஒற்றை முனையில் ஒரு பல்பு எரிய முடியாது. கரண்ட் போவதற்கு வழி வேண்டும், திரும்பி வருவதற்கும் வழி வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்கு மண்ணில் கோடு போட்டு விளக்கியிருக்கிறேன்.

பல்பு அணைந்தது.

எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது.

கொஞ்சம் இடைவெளி. பிறகு மறுபடி மூன்று.

என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. "அது ஹாரனுங்க."

காவேரி குனிந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள். "எங்கக்கா செத்த அன்னிக்கி ஹாரன் அடிக்கலீங்க, பாய்."

அவள் சொன்னது இதுதான். அதற்கு முந்தின ராத்திரி ஜீப் விளக்கை அணைக்காமல் விட்டுவிட்டார்கள். பேட்டரி பாதிக்கு இறங்கியிருந்தது. மேஸ்திரி ஹாரன் அடிக்கப் போனபோது முதலாளி கையைப் பிடித்துக்கொண்டார். ஹாரன் அடித்தால் இருக்கிற கரண்டும் போய்விடும், வெடிக்குப் பத்தாது, கீழே யாரும் இல்லை, தொடு என்றார். சவுரியப்பன் தொட்டார். கீழே செல்லி குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். பிறகு போலீஸ் வந்தபோது, தானே மூன்று முறை ஹாரன் அடித்ததாகச் சவுரியப்பன் சத்தியம் செய்தார். மற்றவர்களுக்கு வேலை வேண்டுமே. யாரும் வாய் திறக்கவில்லை.

நான் திரும்பி சவுரியப்பனைப் பார்த்தேன். அவர் லாரியிலிருந்து எடுத்து வந்த ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை.

அந்தக் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. ஹாரன் கொஞ்சம் கரண்டைத்தான் எடுக்கும். அடித்துவிட்டு இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டிருந்தால் போதும், வெடிக்கு வேண்டியது ஏறியிருக்கும். ஒருவர் ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரம். அந்த நேரத்தை அவள் உயிருக்குக் கொடுக்க முதலாளிக்கு மனசு வரவில்லை.

வெங்கடாசலம் மரத்தடிக்கு வந்தார். "என்ன பாய், பல்ப வெச்சு வெளையாடிக்கிட்டிருக்கீங்க? மேகம் ஏறுது, பாருங்க."

நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் பல்பை எட்டிப் பார்த்தார். அது அணைந்திருந்தது. அவர் சிரித்தார். காவேரி அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒரு வார்த்த சொல்லிருங்க மொதலாளி. அன்னிக்கி ஹாரன் அடிக்கலைன்னு இத்தன பேரு முன்னால சொல்லிருங்க. எங்கக்கா மேல தப்பில்லைன்னு ஆவட்டும். அதுக்கு மேல எங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்க."

கல் மேட்டில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"ஹாரன் அடிச்சுது," என்றார் வெங்கடாசலம். "உங்கக்காளுக்குத்தான் காது கேக்கல."

அப்போதுதான் அந்தச் சத்தம் எழுந்தது.

மிக மெல்லிய சத்தம். சட்டியில் சோறு கொதிக்க ஆரம்பிப்பது போல. எனக்கு அது தினமும் கேட்டுப் பழகிய சத்தம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறி நிறையும்போது உள்ளே தண்ணீர் நுரைவிடும். மூக்கைக் குத்தும் ஒரு வாசனையும் வரும். கடையில் சார்ஜரில் போட்ட பேட்டரிகளைப் பார்க்காமலே, அந்தச் சத்தத்தை வைத்து எது நிறைந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன்.

தரையில் மூன்று பேட்டரிகள் இருந்தன. பல்பையும் எடுத்துவிட்டிருந்தேன், ஒன்றிலும் ஓர் ஒயர்கூட இல்லை.

மூன்றும் கொதித்துக்கொண்டிருந்தன.

மண்டியிட்டு, கிட்டத்தில் இருந்த ஒன்றில் ஹைட்ரோமீட்டரை விட்டேன். ஆசிட் தெறித்து விரலில் பட்டு எரிந்தது. மிதவை மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. போன கரண்ட் எல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அதை யாரோ எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

"பேட்டரிமேல தப்பில்ல. பாறையில ஏதோ ஒரு ஜாயிண்ட் விட்டிருக்குது," என்றார் வெங்கடாசலம். "சவுரி, போயிப் பாத்துட்டு வா."

சவுரியப்பன் அசையவில்லை. "என்னால ஆவாதுங்க," என்றார்.

"பொட்டப்பய. நானே பாக்கறேன்."

நான் எழுந்து அவர் கையைப் பிடித்தேன். இப்போது அங்கே போகாதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டார்.

"பேட்டரி மூணும் கீழ கெடக்குது. ஒயரு முறுக்கிக் கல்லுக்கு அடியில கெடக்குது. கரண்டு என்ன, பறந்தா வரும்?" என்று கையை உதறிவிட்டு நடந்தார்.

நான் படித்தது, பழகியது எல்லாவற்றின்படியும் அவர் சொன்னது சரி.

அவர் பாறைக்குக் கீழே போய், குழி குழியாக ஒயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். வெள்ளைச் சட்டை அந்த நீலக் கல்லின் முன்னால் சின்னதாகத் தெரிந்தது. காற்று நின்றுவிட்டது. ஈரக் கல்லின் வாசனை திடீரென்று அடர்த்தியாக எழுந்தது, பக்கத்தில் யாரோ ஒரு குடம் தண்ணீரை அப்படியே கவிழ்த்த மாதிரி.

ஹாரன் அடித்தது.

ஜீப்பிலிருந்து அல்ல. என் முழங்காலுக்குப் பக்கத்தில், சாக்குப் பைமேல் நான் கழற்றி வைத்த ஹாரன். அதன் உள்ளே ஒரு மெல்லிய இரும்புத் தகடு இருக்கிறது. கரண்ட் அதை இழுத்து இழுத்து விடும்போதுதான் சத்தம் வரும். கரண்ட் இல்லையென்றால் அது வெறும் தகடு. அந்தத் தகடு துடிப்பதை நான் என் காலில் உணர்ந்தேன்.

பழக்கம் என்பது எவ்வளவு பெரியது! கல் மேட்டில் இருந்த அத்தனை பேரும், கையில் வேலையே இல்லாதபோதும், வேலையை விடுகிற மாதிரி மறு நொடி கையை உதறினார்கள்.

வெங்கடாசலம் திரும்பிப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். பானெட் திறந்து, பேட்டரி இருக்கும் இடம் வெறுமையாக இருப்பது அங்கிருந்தே தெரிந்திருக்கும்.

"எவன்டா அடிக்கறது?"

இரண்டாவது ஹாரன். எல்லோரும் மறைவுக்கு ஓடினார்கள். காவேரி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நானும் ஓடினேன். கற்களை அடுக்கிய தடுப்புக்குப் பின்னால் சவுரியப்பன் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

அதன் பிறகு சத்தம் இல்லை.

அமைதி நீண்டது. வழக்கமாக இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் விடும் நேரத்தைவிட நீளமாக. அந்த நேரத்தில் ஒரு கிழவன்கூட அங்கிருந்து நடந்து வெளியே வந்திருக்கலாம். நான் தலையைத் தூக்கி, வந்துவிடுங்கள் என்று கத்தினேன். வெங்கடாசலம் வரவில்லை. ஹாரன் அடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தன்னை யார் ஏமாற்றுகிறார்கள் என்று எங்களை முறைத்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது ஹாரன்.

பிறகு பாறை எழுந்தது.

தூசி அடங்க வெகு நேரம் ஆயிற்று. நான் முதலில் போனது ஒயர் முனைகளிடம். கல்லுக்கு அடியில், நான் முறுக்கி வைத்தபடியே இருந்தன. பிறகு பேட்டரிகளைப் பார்த்தேன். கொதிப்பு நின்றிருந்தது. மூன்றிலும் மிதவை அடியில் போய் உட்கார்ந்தது.

வெங்கடாசலம் செத்ததற்கு மின்னல்தான் காரணம் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அன்று மின்னவே இல்லை. மேகம் ஒரு துளிகூடப் பெய்யாமல் சேலம் பக்கம் கலைந்து போயிற்று.

நான் கிளம்பும்போது காவேரி வந்தாள். அழுதிருக்கவில்லை. "பாத்தீங்களா பாய், எங்கக்கா அவுருக்கு நேரம் குடுத்தா. அவரு அவளுக்குக் குடுக்கல," என்றாள். பிறகு சவுரியப்பன் போன திசையைப் பார்த்தாள். "பொய்ச் சத்தியம் பண்ணவரு இன்னும் இருக்காருங்க."

ஹாரன் என் சாக்குப் பையோடு கடைக்கு வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க ஆளில்லை, எறியவும் கை வரவில்லை. ஒயர் முனைகளை ஒட்ட நறுக்கிவிட்டுச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினேன். என் மனைவி ஷகிலா அதைப் பார்த்தாலே முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

சில வாரம் கழித்து சவுரியப்பன் கடைக்கு வந்தார். லாரி வாடகைக்கு ஓட்டுவதாகச் சொன்னார். நான் அவரிடம் நேராகவே கேட்டேன். பென்னாகரம் ஸ்டேஷனில் போய் நடந்ததைச் சொல்லிவிடக் கூடாதா, அந்தப் பெண்ணின் மேல் இருக்கிற பழியாவது போகுமே என்றேன்.

"மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டேன் பாய். எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குது. செத்தவளுக்குப் பழி போனா என்ன, இருந்தா என்ன?"

ஆணியில் தொங்கிய ஹாரன் ஒரு முறை அடித்தது.

அவர் கையிலிருந்த டீ டம்ளர் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்காமல் லாரியில் ஏறிப் போய்விட்டார். ஹாரனுக்குக் கீழே சிமெண்ட் தரையில் ஓர் ஈர வட்டம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

அதன் பிறகு அவர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. நேற்று பொழுது சாயும் நேரம் என்ன அவசரமோ, அவர் லாரி கடையைக் கடந்தது. லாரி என் வாசலுக்கு நேராக வந்தபோது, சுவரில் இரண்டாவது ஹாரன் அடித்தது.

பிரேக் கிறீச்சிட்டு லாரி நடுரோட்டில் நின்றது. சவுரியப்பன் இறங்கினார். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. நான் வாசலுக்கு ஓடி வந்து சொன்னேன்.

"அவ நேரம் குடுக்கறா, சவுரி. இப்பவே பென்னாகரம் போயிருங்க."

அவர் என்னையும், எனக்குப் பின்னால் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். லாரியில் ஏறினார். நாலு ரோட்டில் பென்னாகரத்துக்கு ஒரு பக்கம் திரும்ப வேண்டும். தெரு முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி சற்றுத் தயங்கி நின்றது. பிறகு சேலம் ரோட்டில் திரும்பியது.

இன்று காலையிலிருந்து கடையில் கரண்ட் இல்லை. சார்ஜர் அணைந்து கிடக்கிறது. குவாரியிலிருந்து கொண்டுவந்த அந்த ஜீப் பேட்டரி, எத்தனையோ முறை ஏற்றிப் பார்த்தும் ஏறாமல், ஒயர் எதுவும் இல்லாமல் மூலையில் கிடந்தது.

இப்போது அது கொதிக்கிறது.